முதலாளிக்கு எட்டாத தாழ்ப்பாள்

அந்த வீட்டுக்குப் புதிதாக வருகிற யாரானாலும் முதலில் குனியத்தான் வேண்டும். கை கழுவக் குனிய வேண்டும், விளக்குப் போடக் குனிய வேண்டும், துண்டை எடுத்துத் துடைக்க இன்னும் கொஞ்சம் குனிய வேண்டும். அழைப்பு மணிகூட வாசற்கதவின் கைப்பிடிக்குக் கீழே இருந்தது. விஷயம் தெரியாதவர்கள் வழக்கமான இடத்தில் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் மணியே இல்லை போலிருக்கிறது என்று கதவைத் தட்டுவார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல், "கீழ பாருங்க, கீழ!" என்று அதட்டும்.

அதட்டியவளுக்கு வயது ஒன்பது. அவளுடைய அப்பா தச்சன். மகளை அவன் முதலாளி என்றுதான் கூப்பிடுவான். பெயர் சும்மா வந்துவிடவில்லை. விடுமுறை நாட்களில் அவனோடு பட்டறைக்குப் போனால் பலகை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அந்த மூலை இன்னும் சொரசொரன்னு இருக்கு, நல்லா தேய்ங்க" என்று மீசை நரைத்த ஆட்களையெல்லாம் வேலை வாங்குவாள். அவர்களும் "சரிங்க முதலாளி" என்று மறுபடி தேய்ப்பார்கள். சம்பளம் கொடுக்காத முதலாளிக்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது அந்தப் பட்டறையில் மட்டும்தான்.

அவள் தன் வயதுப் பிள்ளைகளின் தோளுக்குக்கூட வரமாட்டாள். கையும் காலும் குட்டை, மற்றபடி துறுதுறுவென்று எல்லாரையும் போலத்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே பெரிய மருத்துவமனையில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். எலும்பு நீளுகிற விதமே வேறு, அது யார் செய்த தப்பும் இல்லை, படிப்புக்கும் புத்திக்கும் ஒரு குறைவும் வராது என்றார்கள். அதுவரை தலையாட்டிக்கொண்டு கேட்ட தச்சன், டாக்டர் கடைசியாகச் சொன்னதைத்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை. "மாற்றுத்திறனாளின்னு இப்பவே பதிஞ்சு வெச்சுடுங்க, பின்னாடி ரொம்ப உதவியா இருக்கும்" என்றார் அவர்.

"உயரம் கம்மி, அவ்வளவுதானே? இதுல என்ன குறையைக் கண்டுட்டாங்க?" என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே குழந்தையைத் தூக்கி வந்தான். அவள் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வீட்டைக் கீழே இறக்க ஆரம்பித்தான். சுவிட்ச், அலமாரி, தொட்டி, கண்ணாடி, துணி மாட்டும் கொக்கி, எல்லாம். அவள் கொஞ்சம் வளர வளர, எல்லாவற்றையும் கழற்றிக் கொஞ்சம் மேலே ஏற்றினான். அலமாரிக்குக் கீழே சுவரில் அடைத்த ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். அந்த வீட்டில் பிள்ளை வளர்ந்த கதை அதுதான்.

மனைவிக்கு அதில் சந்தோஷம்தான், முதுகு வலி தவிர. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, தொடை உயரத்துத் தொட்டியில் பாத்திரம் கழுவும்போது, "உங்க முதலாளி சீக்கிரம் வளரலன்னா நான் இப்படியே மடங்கிடுவேன்" என்பாள்.

மனைவியின் தம்பி நல்ல உயரம். நெட்டை மாமா என்று முதலாளி வைத்த பெயரே நிலைத்துவிட்டது. ஒரு நாள் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனவன், இரண்டாக மடிந்து நின்றுகொண்டு சொன்னான். "வெளிய எல்லாரும் என்னைப் பாத்துப் பொறாமைப்படறாங்க. இந்த வீட்டுக்குள்ள வந்தா நான்தான் அத்தான் ஊனம்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த தச்சனின் முகம், அந்தக் கடைசி வார்த்தையில் சட்டென்று இறுகிப் போயிற்று. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, ஏதோ கசந்ததைக் கடித்துவிட்டதுபோல.

"இந்த வீட்ல அந்தப் பேச்சு வேணாம்" என்றான்.

நெட்டை மாமா வாயைக் கழுவிக்கொண்டு நகர்ந்துவிட்டான். முதலாளியின் சிரிப்பும் நின்றது. மாமாவுக்குத் துண்டை நீட்டியபடி அப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் பார்த்ததை யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று பெரியவர்கள் கவனித்திருந்தால் பாதிக் கதைகள் நடந்தே இருக்காது.

அந்த வருடப் பெரிய விடுமுறையில் பள்ளிக்கூடத்தின் கழிப்பறைகளைப் புதுப்பித்தார்கள். பழைய கதவுகள் அடியில் ஊறி உப்பிப் போயிருந்தன. புதுக் கதவு வேலை தச்சனின் பட்டறைக்கு வந்தது. தலைமையாசிரியை அவனைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு படிக்கிற இடம். அவளுக்குன்னு தனியா ஏதாவது பண்ணணும்னா தயங்காம சொல்லுங்க, நான் ஏற்பாடு பண்றேன்" என்றார்.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் எப்படியோ அப்படியே இருக்கட்டும் டீச்சர். என் பொண்ணுக்குன்னு தனியா எதுவும் வேணாம்."

பதில் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான். சும்மா சொல்லக்கூடாது, கதவுகளை இழைத்து இழைத்துச் செய்தான். சாதாரணக் கழிப்பறைக் கதவுக்கு யார் நான்கு முறை உப்புத்தாள் போடுவார்கள்? மகள் தொடுகிற கதவு என்று போட்டான். பள்ளி திறந்த அன்று முதலாளி தன் வகுப்பையே இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாளாம். "எங்க அப்பா செஞ்சது. தடவிப் பாருங்க, ஒரு சிராய் குத்துதா பாருங்க" என்று ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துத் தடவவிட்டாளாம். அதை அவள் வந்து சொன்னபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு முதலாளியிடம் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை வீசிவிட்டு அன்றைய கதையை மூச்சுவிடாமல் சொல்கிறவள், நேராகக் கழிப்பறைக்கு ஓடினாள். ஒரு நாள் தாடையில் பிளாஸ்திரியோடு வந்தாள். கேட்டதற்கு, விளையாடும்போது விழுந்தேன் என்றாள். காலையில் ஷூ மாட்டும்போது வயிறு வலிக்கிறது என்றாள். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் பெரிய தொட்டியில் ஒரு பூச்செடி இருந்தது. வெயிலில் மற்ற தொட்டிகள் எல்லாம் காய்ந்து கிடக்க, அது மட்டும் தளதளவென்று நின்றது. "இதுக்கு மட்டும் யார் இப்படி ஊட்டி வளர்க்கறாங்களோ" என்று அவளுடைய அம்மா போகும்போதும் வரும்போதும் ஆச்சரியப்பட்டாள்.

பிறகு ஒரு நாள் காய்ச்சல் அடித்தது. அனலாகக் கொதித்தது உடம்பு. தச்சன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பக்கத்துத் தெரு மருத்துவமனையில் இருந்த பெண் டாக்டர் சோதித்துவிட்டு, சிறுநீர்ப் பாதையில் கிருமி என்றார். மருந்து எழுதிக்கொண்டே கேட்டார்.

"இவ தண்ணியே குடிக்கறதில்லையா?"

"பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பாட்டில் குடுத்து விடறேன் டாக்டர். தினமும் காலியாத்தான் வருது" என்றாள் அம்மா.

"அப்படித் தெரியலையே. ரொம்ப நேரம் அடக்கி வெச்சிருக்கா. இது ஒரு நாள் ரெண்டு நாள்ல வர்றது இல்ல. இப்படியே விட்டா சிறுநீரகத்துக்கு ஆபத்து." டாக்டர் குனிந்து, "ஏம்மா, பள்ளிக்கூடத்துல போறதே இல்லையா?" என்று கேட்டார்.

முதலாளி உத்தரத்தில் சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்தில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் வேறொன்று ஏறிக்கொண்டது. இனிமேல் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றாள் முதலாளி. "பட்டறைக்கே வந்துடறேன்ப்பா. மரம் தேய்க்கறேன். எனக்குப் படிப்பு வேணாம்." விடுமுறை விட்டால் அழுகிற பிள்ளை அது. வகுப்பில் கணக்கில் அவளைத் தொட ஆள் இல்லை. தச்சன் எத்தனை கெஞ்சினாலும் கொஞ்சினாலும் "தாகமே எடுக்கலப்பா", "பிடிக்கலப்பா", இரண்டே பதில்தான்.

அவள் வீட்டிலிருந்த அந்த நாட்களில் வாசல் தொட்டிச் செடி துவண்டு தலையைத் தொங்கப் போட்டது. வேலையிலிருந்து வந்த அம்மா அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கணவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"பாட்டில் தண்ணியெல்லாம் எங்க போச்சுன்னு தெரிஞ்சிடுச்சுங்க. உள்ள வர்றதுக்கு முன்னாடி செடிக்கு ஊத்திட்டு வந்திருக்கா. ஒரு வாய் குடிக்கல. குடிச்சா போகணுமேன்னு பயந்திருக்கா." விரலில் ஒட்டிய மண்ணை முந்தானையில் துடைத்தாள். "அங்க என்னவோ இருக்கு. நான் போய்க் கேக்கறேன்."

"நீ இரு" என்றான் தச்சன். அவனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்போது இரண்டு காதும் செக்கச்செவேலென்று இருந்தன. "எவளோ கேலி பண்ணியிருக்கா. இல்ல, அந்த இடத்தையே நாறடிச்சு வெச்சிருக்காங்க. நான் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்."

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் போனான். நாலு கேள்வி என்று சொல்லிவிட்டுப் போனவன் நாற்பது கேள்வி கேட்டான். தலைமையாசிரியை குறுக்கே பேசவில்லை. மூச்சு வாங்க அவன் நிறுத்தியபோது, "எங்கிட்ட அவ ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "பிள்ளைங்க எல்லாம் போயாச்சு. வாங்க, நாமளே போய்ப் பாத்துடலாம்."

தாழ்வாரத்தின் கோடியில் அவன் செய்த கதவுகள் வரிசையாக நின்றன. கோபத்திலும் அவன் கண் தானாகக் கீல்களுக்குத்தான் போனது. ஒன்றும் தொய்யவில்லை. உள்ளே நுழைந்து பார்த்தான். தரை சுத்தமாக இருந்தது, நாற்றம் இல்லை, குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. குறை சொல்லலாம் என்று வந்தவனுக்குச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. கதவு சரியாகப் படிகிறதா என்று பார்க்கிற பழக்க தோஷத்தில் உள்ளே நின்றபடி சாத்தினான். கையை உயர்த்தித் தாழ்ப்பாளைத் தள்ளினான்.

தள்ளிய கை அங்கேயே நின்றுவிட்டது.

தாழ்ப்பாள் அவன் தோள் உயரத்தில் இருந்தது. மூலையில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. அவன் மெதுவாக முழங்கால் போட்டு உட்கார்ந்தான். மகளின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று அவனுக்கு அளவு நாடா தேவையில்லை, ஒரு வீட்டையே அந்த உயரத்துக்குக் கட்டியவன். அந்த இடத்துக்குத் தலையைத் தாழ்த்திக்கொண்டு, கையை முழங்கைவரை மடக்கி அவள் கை நீளத்துக்கு மேலே நீட்டினான். எட்டவில்லை. கொஞ்ச நஞ்சமாக இல்லை, எக்கினாலும் எட்டாது, குதித்தாலும் எட்டாது. கவிழ்த்த வாளியின் மேல் ஏறினால் ஒருவேளை எட்டும். ஈரத் தரையில் அது வழுக்கினால் தாடையில் அடிபடும்.

பள்ளிக்கூடக் கதவு என்றால் தாழ்ப்பாளை உயரத்தில்தான் வைப்பார்கள். பொடிப்பிள்ளைகள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அலறிவிடக் கூடாது என்று பட்டறையில் அப்படி ஒரு வழக்கம். பழைய கதவுகளில் யாரோ அதைப் பார்க்காமல் கீழேயே வைத்திருந்தார்கள். இவன்தான் ஆட்களைக் கூப்பிட்டு, "நல்லா தூக்கி வைங்க, சின்னதுங்களுக்கு எட்டக்கூடாது" என்று சொன்னான். எட்டக்கூடாத பிள்ளைகளில் தன் மகளும் ஒருத்தி என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அது தோன்றிவிடாமல் இருக்கத்தானே இத்தனை வருடமாக அத்தனை திருகாணிகளைக் கழற்றி மாட்டியிருந்தான்.

"என்னாச்சு? கதவு மாட்டிக்கிச்சா?" என்று வெளியிலிருந்து தலைமையாசிரியை தட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. வெளியே வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. கவிழ்ந்த வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தான், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

"நீங்க அன்னைக்கே கேட்டீங்க டீச்சர்."

தலைமையாசிரியை தாழ்ப்பாளைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. "நானும் அதோட விட்டிருக்கக் கூடாது. நீங்க வேணாம்னு சொன்னதும் எனக்கும் சுலபமாப் போச்சு" என்றார். பிறகு, "எல்லாத்தையும் மாத்திடலாம். ஆனா நிர்வாகத்துல நான் கேக்கணும்னா, அவளுக்கு இது தேவைன்னு நீங்க உங்க வாயால சொல்லணும். இது வரைக்கும் நீங்க சொன்னதே இல்ல" என்றார். தச்சன் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது முதலாளி ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். படிப்பு வேண்டாம் என்றவள்தான். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் நாற்காலியில் இருந்ததால் இரண்டு முகமும் நேராக இருந்தன.

"தாழ்ப்பாள் எட்டலன்னு ஏன் முதலாளி எங்கிட்ட சொல்லல?"

அவள் பென்சிலை வாயில் வைத்துக் கடித்தாள். கண்டுபிடித்துவிட்டான் என்று தெரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. "அது நீ செஞ்ச கதவுப்பா. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்ல, எங்க அப்பா செஞ்சதுன்னு."

"ஒரு நாள் தாழ் போடாம போனேன்" என்றாள் பிறகு. "பெரிய வகுப்பு அக்காங்க திறந்துட்டாங்க. சிரிச்சாங்க. அப்புறம் நான் போகல."

"யாரையாவது கதவுகிட்ட நிக்கச் சொல்லியிருக்கலாமே கண்ணு."

"தினமும் எவளையாவது கூப்பிட்டு வந்து நில்லு, வந்து நில்லுன்னு கேக்கணுமா? நீ அப்படிப் போவியா?"

மாட்டேன்தான். சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றிருந்தாள். வழக்கமாக இந்தப் பேச்சில் தலையிடாதவள், அன்று தலையிட்டாள்.

"தினமும் எத்தனை பேருக்கு நான் கண்ணாடி மாட்டி விடறேன். 'என் கண்ணுக்கு ஒண்ணும் குறையில்ல'ன்னு சொல்லிட்டு அது இல்லாம போய் யாரும் சுவத்துல முட்டிக்கறதில்லைங்க. நீங்கதான் அவளுக்கு வேணும்னு கேக்கறதையே அவமானம்னு நெனச்சுட்டீங்க."

"வீட்ல எல்லாம் நான்தானே செஞ்சு குடுத்தேன்?" என்றான் தச்சன். சண்டைக்குச் சொல்லவில்லை. அழுதுவிடாமல் இருக்கச் சொன்னான்.

"வீட்ல நான் குட்டையே இல்லப்பா" என்றாள் முதலாளி அவனைச் சமாதானப்படுத்துகிறவள்போல. "பள்ளிக்கூடத்துக்குப் போனாத்தான் குட்டை ஆயிடறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, நீண்ட நாளாக வைத்திருந்ததைக் கேட்டாள். "அப்பா, நான் மாற்றுத்திறனாளியா?"

அவன் முகம் இறுகியது. அவனையும் அறியாமல் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"பாத்தியா, பாத்தியா!" என்று அவள் விரல் நீட்டினாள். "அந்த வார்த்தை வந்தா உன் மூஞ்சி இப்படி ஆயிடுது. அன்னைக்கு நெட்டை மாமா சொன்னப்போகூட ஆச்சு. அப்போ அது ரொம்பக் கெட்டது போலன்னு நெனச்சேன். எனக்குத் தாழ்ப்பாள் எட்டலன்னு சொன்னா என்னைப் பாத்தும் உன் மூஞ்சி அப்படி ஆயிடும்ல? அதான் சொல்லல."

கேலி செய்த பிள்ளைகளைத் தேடிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை தச்சன் போயிருந்தான். பிள்ளை பயந்தது அவன் முகத்துக்கு. அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டான். "உன்னைப் பாத்து இல்லடா, உன்னைப் பாத்து என்னைக்கும் இல்ல" என்று சொல்லச் சொல்ல அவனுக்கே அது போதவில்லை. முதலாளி அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"சரி சரி, அழாத. என்ன பண்ணப் போற?"

"நீங்கதான் சொல்லணும் முதலாளி."

அவளுக்கு உடனே குரல் வந்துவிட்டது, பலகை அடுக்கின் மேல் உட்காரும்போது வருகிற குரல். "எல்லாக் கதவுலயும் கீழ வெக்கணும். ஒண்ணுல மட்டும் வெச்சா அதுக்கு என் பேரை வெச்சு 'அது அவளோடது'ன்னுவாங்க. குழாயும் எட்டல. கரும்பலகையில கணக்குப் போடக் கூப்பிட்டா எட்டல, டீச்சர் அதனால என்னைக் கூப்பிடறதே இல்ல. எனக்குத்தான் விடை தெரியும், ஆனா வேற யாராவதுதான் போய் எழுதறாங்க."

"பொடிசுங்க உள்ள மாட்டிக்கிட்டா?"

"அது உன் வேலை. யோசி."

யோசித்தான். வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்கிற தாழ்ப்பாள் உண்டு. அதைப் போட்டிருந்தால் முதலிலேயே உயரத்தில் வைக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. வழக்கம் என்று ஒன்று இருந்துவிட்டால் யார் யோசிக்கிறார்கள்?

மறுநாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனான். அவர் இருவரையும் உட்காரச் சொன்னார். முதலாளி நாற்காலியில் தானாகவே ஏறி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். தச்சன் உட்காரவில்லை. தொண்டையைச் செருமினான். வீட்டிலிருந்து வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது.

மகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறெதையும் பார்க்கவில்லை.

"டீச்சர், என் பொண்ணு மாற்றுத்திறனாளி" என்றான். "அவளுக்கு எட்டற மாதிரி எல்லாம் வேணும். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

உதடு இழுக்கவில்லை. முகம் இறுகவில்லை. கண் மட்டும் கலங்கியது, அதற்கு அவன் பொறுப்பில்லை. முதலாளி கொஞ்ச நேரம் ஆராய்ந்து பார்த்துவிட்டு, இழைத்த பலகையைத் தடவிப் பார்த்து ஒப்புக்கொள்வதுபோல் தலையை ஆட்டினாள். பிறகு தலைமையாசிரியையிடம் திரும்பி, "கரும்பலகையைச் சொல்ல மறந்துட்டாரு" என்றாள்.

நிர்வாகத்தில் ஒப்புதல் வாங்குவதற்குத் தலைமையாசிரியைக்கு அதிக நேரம் ஆகவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாளில் தச்சன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். மேற்பார்வைக்கு முதலாளியும் போனாள். உயரத்தில் இருந்த தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான், ஓட்டைகளை அடைத்தான், இழைத்துச் சமமாக்கினான். அவளை நிற்க வைத்து, கை சுலபமாகப் போகிற இடத்தைப் பென்சிலால் குறித்து, வெளியிலிருந்து நாணயத்தால் திறக்கிற புதுத் தாழ்ப்பாள்களை அங்கே மாட்டினான். அளவு நாடாவைக் கடைசி வரை எடுக்கவில்லை. குழாயடியிலும் ஒரு படி போட்டான். வகுப்பறைக்கு அவன் செய்து கொண்டுவந்திருந்த நீளப் படி கரும்பலகைக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று. யார் வேண்டுமானாலும் ஏறி நிற்கலாம், அவள் மட்டும் என்றில்லை. அது முதலாளியின் உத்தரவு.

அவன் வேலை செய்துகொண்டிருக்க, அவள் படியில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை அண்ணாந்து குடித்துவிட்டு, காலி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

"எதுக்கு அவ்வளவு?" என்றான்.

"சோதிச்சுப் பாக்க வேணாமா? அப்புறம் நீ பாட்டுக்குத் தப்பா வெச்சுட்டுப் போயிடுவ."

கடைசிக் கதவில் கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு அவன் ஒதுங்கி நின்றான். அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ கதவுகள் செய்தவன், ஒரு கதவுக்கு முன்னால் இப்படி நின்றதில்லை. ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு 'டக்' என்று தாழ்ப்பாள் விழுந்தது, வழுக்கிக்கொண்டு, ஒரே தள்ளலில்.

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன முதலாளி?"

"அங்கயே நிக்கிறியா?"

"ஆமா, இங்கதான் இருக்கேன்."

"போப்பா! அதான் தாழ் போட்டுட்டேன்ல? நீ நின்னா எனக்கு வராது."

தச்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சத்தம் செய்யாமல் தாழ்வாரத்தின் அடுத்த கோடிக்குப் போய் நின்றுகொண்டான்.